வார்த்தைக் கணக்கைச் சமன்பாடாக மாற்றுவது எப்படி?

50 மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்றை இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு துண்டு மற்றதைவிட 8 மீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு துண்டுகளின் நீளம் என்ன?

இதைக் கேட்டதும் பலருக்கும் கை தானாக 50-ஐ இரண்டால் வகுக்கப் போகும். 25 வரும். அப்புறம் 8-ஐக் கூட்டி, ‘ஒன்று 25, இன்னொன்று 33’ என்று எழுதிவிடுவார்கள். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 58 வருகிறது. கயிறோ 50 மீட்டர்தான். வேறு சிலர் 42, 8 என்பார்கள். கூட்டினால் 50 சரியாக வருகிறது, ஆனால் வித்தியாசம் 34 ஆகிவிடுகிறது. இரண்டு பேருக்குமே கூட்டல், கழித்தல், வகுத்தல் நன்றாகத் தெரியும். கேள்வியில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள்.

வார்த்தைக் கணக்கில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலானோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சமன்பாட்டைக் கையில் கொடுத்துவிட்டால் தீர்த்துவிடுவார்கள். வாக்கியத்திலிருந்து சமன்பாட்டுக்கு வருவதுதான் கஷ்டம். அதற்கு நான் நம்புகிற வழி ஒன்றே: சமன்பாடு என்பது ஒரே அளவை இரண்டு விதமாகச் சொல்வது. ஆகவே கணக்கைப் படிக்கும்போது, எந்த அளவைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல முடிகிறது என்று தேடுங்கள். அந்த இடம் அகப்பட்டால் ‘=’ குறியை எங்கே போடுவது என்பது தெரிந்துவிடும்.

கயிற்றுக்கு வருவோம். சிறிய துண்டின் நீளம் தெரியாது. அதற்கு ‘சி’ என்று பெயர் வைப்போம். பெரிய துண்டுக்கு இன்னொரு எழுத்து வேண்டாம். அது சி + 8. இப்போது எந்த அளவை இரண்டு விதமாகச் சொல்லலாம்? மொத்த நீளத்தை. கேள்வியே அதை 50 என்கிறது. துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அது சி + (சி + 8).

சி + சி + 8 = 50
2சி + 8 = 50
2சி = 42
சி = 21

சிறிய துண்டு 21 மீட்டர், பெரியது 29 மீட்டர். கூட்டினால் 50, கழித்தால் 8. இரண்டு நிபந்தனையும் நிறைவேறுகிறது.

சரிபார்க்கும்போது விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. சமன்பாட்டையே தப்பாக எழுதியிருந்தால், தப்பான விடை அதில் அழகாகப் பொருந்திவிடும். கேள்வியின் வாக்கியத்துக்கே திரும்பிப் போய், அங்கே பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ பிழைகளைப் பிடித்துக் கொடுக்கும்.

எழுத்து எதைக் குறிக்கிறது?

பள்ளியில் ‘எக்ஸ் என்க’ என்று தொடங்குவோம். எக்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் சிலர் ‘கயிறு’ என்பார்கள். அங்கேயே பிழைக்கு விதை விழுந்துவிடுகிறது. எழுத்து ஓர் எண்ணைக் குறிக்கிறது: கயிற்றின் நீளம் எத்தனை மீட்டர் என்ற எண், வயது எத்தனை ஆண்டு என்ற எண். இதை வரி எழுதி வைப்பது வீண் வேலை இல்லை. ‘சி = சிறிய துண்டின் நீளம், மீட்டரில்’ என்று முதல் வரியில் இருந்தால் பாதிக் குழப்பம் வராது.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணவர்கள் என்ற விகிதம் இருக்கிறது.’ ஆசிரியர்களின் எண்ணிக்கை ‘ஆ’, மாணவர்களின் எண்ணிக்கை ‘மா’. சமன்பாடு என்ன? வாக்கியம் போகிற வரிசையிலேயே எழுதி, ஆ = 6மா என்று போட்டுவிடத் தோன்றும். ஓர் எண்ணை வைத்துப் பாருங்கள். மாணவர்கள் 60 பேர் என்றால் இந்தச் சமன்பாட்டின்படி ஆசிரியர்கள் 360 பேர்! சரியான சமன்பாடு மா = 6ஆ. ‘ஆ’ என்பதை ‘ஆசிரியர்’ என்று படித்தால் முதல் சமன்பாடு சரிபோலத் தெரியும். ‘ஆசிரியர்களின் எண்ணிக்கை’ என்று படித்தால் அது ஒருபோதும் சரியாகத் தெரியாது. நன்றாகக் கணக்குப் போடுகிறவர்களையும் இது சறுக்கிவிடும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேறு சில சொற்களையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘ஓர் எண்ணைவிட 7 குறைவு’ என்றால் எ − 7. 7 − எ இல்லை. ‘ஓர் எண்ணின் இரு மடங்கைவிட 3 அதிகம்’ என்றால் 2எ + 3. ‘ஓர் எண்ணுடன் 3 கூட்டி, வந்ததை இரு மடங்காக்கினால்’ என்றால் 2(எ + 3). பின்னது எப்போதும் 3 கூடுதலாக இருக்கும். சந்தேகம் வந்தால் ‘எ’ இருக்கும் இடத்தில் 10 போட்டு, வாக்கியத்தை அப்படியே செய்து பாருங்கள். முதலில் 23, அடுத்ததில் 26.

சமன்பாடு வரவில்லையா? ஊகியுங்கள்

வாக்கியம் பிடிபடாதபோது கைகொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. விடை இதுதான் என்று ஏதோ ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, அது சரியா என்று சோதியுங்கள்.

‘தாயின் வயது இப்போது மகளின் வயதைப்போல் நான்கு மடங்கு. 5 ஆண்டுகள் கழித்து மூன்று மடங்காக இருக்கும். இப்போது இருவருக்கும் என்ன வயது?’

மகளுக்கு 8 வயது என்று ஊகிப்போம். அப்படியானால் தாய்க்கு 4 × 8 = 32. 5 ஆண்டுகள் கழித்து மகளுக்கு 8 + 5 = 13, தாய்க்கு 32 + 5 = 37. மூன்று மடங்கா? 3 × 13 = 39. 37-உம் 39-உம் ஒன்றில்லை. ஊகம் தப்பு. அதனால் பரவாயில்லை, வேண்டியது கிடைத்துவிட்டது. நாம் எதை எதனோடு ஒப்பிட்டோம்? 4 × 8 + 5 என்பதை 3 × (8 + 5) என்பதோடு. 5 ஆண்டுகள் கழித்துத் தாயின் வயது என்ற ஒரே அளவுக்கு இவை இரண்டு வடிவங்கள். 8 இருந்த இடத்தில் ‘வ’ என்று போட்டால் சமன்பாடு வந்துவிடும்.

4வ + 5 = 3(வ + 5)
4வ + 5 = 3வ + 15
வ = 10

மகளுக்கு 10, தாய்க்கு 40. 5 ஆண்டுகள் கழித்து 15, 45. மூன்று மடங்கு சரி. இதில் அடைப்புக்குறியை விட்டுவிட்டு 3வ + 5 என்று எழுதினால் வ = 0 என்று வரும். மூன்று மடங்காவது 5 ஆண்டுகள் கழிந்த பிறகு இருக்கும் முழு வயது. வெறும் ‘வ’ மட்டும் இல்லை. ஊகித்துச் செய்யும்போது 8 + 5 = 13 என்று கூட்டிவிட்டுத்தான் மூன்றால் பெருக்கினோம், அதனால் அடைப்புக்குறி தானாகவே வந்து உட்காருகிறது.

வயதுக் கணக்குகளில் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. இருவருக்கும் இடையிலான வித்தியாசம் எந்நாளும் மாறாது. இப்போது வித்தியாசம் 4வ − வ, அதாவது 3வ. பிறகு அது மகளின் அப்போதைய வயதைப்போல் இரு மடங்கு, அதாவது 2(வ + 5). 3வ = 2வ + 10. மறுபடியும் 10. வேறொரு அளவை எடுத்துக்கொண்டு அதையும் இரண்டு விதமாகச் சொன்னோம், அவ்வளவுதான். எந்த அளவைத் தேர்ந்தெடுத்தாலும் விடை மாறாது.

ஊகித்துத் தொடங்குவது மிகப் பழைய வழி. கி.மு. 1550 வாக்கில் எகிப்தில் ஆமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளில் ஒரு கணக்கு இருக்கிறது: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, அந்த அளவு என்ன? அங்கே முதலில் 7 என்று ஊகிக்கிறார்கள். 7-உம் 1-உம் சேர்ந்து 8. வேண்டியது 19. ஆகவே 8-ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, 7-ஐயும் அத்தனை மடங்காக்க வேண்டும். விடை 16⅝. ஊகத்தை மடங்கு போட்டு நேராக விடைக்குப் போவது இந்த மாதிரிக் கணக்கில்தான் நடக்கும். தனியாக ‘5 கூட்டு’, ‘8 அதிகம்’ என்று வந்துவிட்டால் மடங்கு ஒத்துவராது. ஆனால் ஊகத்தை வைத்துச் சமன்பாட்டின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது எல்லாக் கணக்கிலும் பலிக்கும்.

பரப்பளவு: முதலில் படம்

பரப்பளவுக் கணக்கில் வாக்கியத்தைவிடப் படம் நன்றாகப் பேசும். அழகாக வரைய வேண்டியதில்லை. கோணல்மாணலான ஒரு செவ்வகம், பக்கங்களில் அளவுகள், அது போதும்.

ஒரு செவ்வகத் தோட்டத்தின் நீளம் அகலத்தைவிட 5 மீட்டர் அதிகம். சுற்றிலும் வேலி போட 58 மீட்டர் தேவைப்படுகிறது. தோட்டம் முழுக்கப் புல் விதைக்க வேண்டும் என்றால் எவ்வளவு பரப்புக்கு விதை வேண்டும்? வேலி ஓரத்தில் ஓடுகிறது, ஆகவே 58 என்பது சுற்றளவு. புல் உள்ளே நிரம்புகிறது, ஆகவே கேட்பது பரப்பளவு. அகலம் ‘அ’ என்றால் நீளம் அ + 5. சுற்றளவு 2(அ + அ + 5) = 58. அரைச் சுற்று 2அ + 5 = 29. அ = 12. நீளம் 17. பரப்பளவு 12 × 17 = 204 சதுர மீட்டர். அ = 12 என்று கண்டதும் பேனாவை மூடிவிடுகிறவர்கள் நிறைய. கேள்வி கேட்டது அகலத்தை இல்லை.

சுற்றளவு தெரிந்தால் பரப்பளவும் தெரிந்த மாதிரிதான் என்று நினைத்துவிடாதீர்கள். அதே 58 மீட்டர் வேலியால் 28 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பட்டையையும் சுற்றலாம். பரப்பளவு வெறும் 28 சதுர மீட்டர். பக்கத்துக்கு 14.5 மீட்டர் என்று சதுரமாகச் சுற்றினால் 210.25 சதுர மீட்டர். செவ்வகங்களில் அதற்கு மேல் போகாது.

அலகும் கவனிக்க வேண்டிய இடம். 4.5 மீட்டருக்கு 3.6 மீட்டர் தரையில் 30 சென்டிமீட்டர் சதுர டைல்ஸ் பதிக்க எத்தனை வேண்டும்? தரை 16.2 சதுர மீட்டர். ஒரு டைல் 900 சதுர சென்டிமீட்டர். 1 மீட்டர் 100 சென்டிமீட்டர்தானே என்று 16.2-ஐ நூறால் பெருக்கி, 1620-ஐ 900-ஆல் வகுத்தால் 1.8 வருகிறது. ஓர் அறைக்கு இரண்டு டைல் கூட வேண்டாம் என்கிறது விடை! இப்படி ஒரு விடை வந்தால் உடனே பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். நீளத்திலும் நூறு, அகலத்திலும் நூறு என்பதால் 1 சதுர மீட்டர் என்பது 10,000 சதுர சென்டிமீட்டர். 1,62,000 ÷ 900 = 180. இன்னும் எளிதான வழி, வரிசையாக எண்ணுவது: நீளவாக்கில் 450 ÷ 30 = 15, அகலவாக்கில் 360 ÷ 30 = 12, மொத்தம் 180.

தரை 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. பரப்பளவை வகுத்தால் 133.3, அதாவது 134 டைல். வரிசையாக எண்ணினால் அகலவாக்கில் 10 பொருந்துகிறது, நீளவாக்கில் 13 முழு டைல் போக 10 சென்டிமீட்டர் மிஞ்சுகிறது. அந்த இடைவெளிக்கு வரிசைக்கு ஒரு டைல் என்று வெட்டி, மிச்சத்தை எறிந்தால் 140 வேண்டும். ஒரு டைலை மூன்று 10 சென்டிமீட்டர் பட்டைகளாக வெட்டிப் பயன்படுத்தினால் பத்து இடைவெளிக்கு 4 டைல் போதும், மொத்தம் 134. கணக்கு 134 என்று சொன்னாலும், வெட்டும் முறையைப் பொறுத்துத்தான் எத்தனை வாங்குவது என்று முடிவாகும்.

பாதை கணக்கு, முன்னும் பின்னும்

எனக்கு மிகவும் பிடித்த வகை இது. 20 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம் உள்ள தோட்டத்தைச் சுற்றி வெளியே 2 மீட்டர் அகலத்தில் நடைபாதை. பாதையின் பரப்பளவு என்ன?

படம் வரையாமல் செய்கிறவர்கள் 20 + 2 = 22, 14 + 2 = 16 என்று எடுத்துக்கொள்வார்கள். படம் வரைந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். பாதை இந்தப் பக்கமும் ஓடுகிறது, அந்தப் பக்கமும் ஓடுகிறது. ஆகவே ஒவ்வோர் அளவிலும் 4 மீட்டர் கூடுகிறது. வெளிச் செவ்வகம் 24 × 18 = 432. உள்ளே தோட்டம் 20 × 14 = 280. பாதை 432 − 280 = 152 சதுர மீட்டர். சரிபார்க்கப் பாதையைத் துண்டுகளாகப் பிரியுங்கள். நீளப்பக்கத்தில் 24 × 2 அளவில் இரண்டு பட்டை, மொத்தம் 96. மூலைகள் அதிலேயே அடங்கிவிட்டதால் மற்ற இரண்டும் 14 × 2, மொத்தம் 56. 96 + 56 = 152.

இப்போது இதையே தலைகீழாகக் கேட்போம். பாதை போட 152 சதுர மீட்டருக்குக் கல் இருக்கிறது. சுற்றிலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். எவ்வளவு அகலம் வைக்கலாம்? அகலம் ‘ப’. வெளிச் செவ்வகத்தின் பரப்பளவை இரண்டு விதமாகச் சொல்லலாம்: தோட்டமும் கல்லும் சேர்ந்து 280 + 152 = 432; பக்கங்களைப் பெருக்கினால் (20 + 2ப)(14 + 2ப).

(20 + 2ப)(14 + 2ப) = 432
280 + 68ப + 4ப² = 432
4ப² + 68ப = 152
ப² + 17ப = 38

38-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் ப² + 17ப − 38 = 0. பெருக்கினால் −38, கூட்டினால் 17 வரும் இரண்டு எண்கள் 19, −2. ஆகவே (ப + 19)(ப − 2) = 0. ப = 2 அல்லது ப = −19. பாதையின் அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது, அதனால் 2 மீட்டர்.

−19 எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டுவிட மனசு வரவில்லை. அதைப் போட்டுப் பாருங்கள்: 20 − 38 = −18, 14 − 38 = −24. (−18) × (−24) = 432. சமன்பாட்டுக்கு அது முழுக்கச் சரியான விடை. பெருக்கினால் 432 வர வேண்டும் என்பது மட்டும்தான் சமன்பாட்டுக்குத் தெரியும், அது ஒரு தோட்டம் என்பது தெரியாது. தோட்டத்தைப் பற்றித் தெரிந்தவர் நாம், எனவே விலக்குவதும் நம் வேலை.

காரணி கண்டுபிடிக்க எண்கள் எளிதாக அகப்படாத கணக்குகளும் வரும். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி அதற்குப் படத்தாலேயே வழி காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட கணக்கை நம் குறியீட்டில் எழுதினால் ப² + 10ப = 39. பக்கம் ‘ப’ உள்ள சதுரம் ஒன்று வரையுங்கள். 10ப என்பதை இரண்டாகப் பிரித்து, 5 அகலமுள்ள இரண்டு பட்டைகளாகச் சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டுங்கள். இவை எல்லாம் சேர்ந்து 39. மூலையில் 5 × 5 சதுரம் ஒன்று காலியாக இருக்கும். அந்த 25-ஐயும் வைத்துவிட்டால் முழுச் சதுரம் கிடைக்கும், பரப்பளவு 39 + 25 = 64. ஆகவே அதன் பக்கம் 8. 5-ஐக் கழித்தால் ப = 3. இங்கே −13-உம் சமன்பாட்டுக்குப் பொருந்தும், ஆனால் பக்கத்தின் நீளமாக எடுத்துக்கொண்டவருக்கு அது விடையாகவில்லை.

நம் பாதைக்கும் இதையே செய்யலாம். 17-இல் பாதி 8.5. மூலைச் சதுரம் 8.5 × 8.5 = 72.25. 38 + 72.25 = 110.25. அதன் வர்க்கமூலம் 10.5. 8.5 போக 2.

நீங்களே செய்து பார்க்க ஒன்று: 24 சென்டிமீட்டருக்கு 16 சென்டிமீட்டர் அளவுள்ள படத்துக்குச் சுற்றிலும் ஒரே அகலத்தில் சட்டம் போட்டிருக்கிறது. சட்டத்தோடு சேர்த்து மொத்தப் பரப்பளவு 660 சதுர சென்டிமீட்டர். சட்டத்தின் அகலம் ‘ச’ என்று வைத்தால் வழியில் ச² + 20ச = 69 என்று வர வேண்டும். அங்கிருந்து மூலைச் சதுரம் 100, முழுச் சதுரம் 169, பக்கம் 13, விடை 3 சென்டிமீட்டர். சரிபார்க்க வெளி அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 30 × 22 = 660.